என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ பூட்டுக் கடை வைத்த புதிதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நினைவிருக்கிறதா? "நாற்பது பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற வகுப்புல, எல்லார் கண் முன்னாடியும் ஒரு பென்சில் டப்பா எப்படிக்கா காணாமப் போகும்?" முப்பத்தாறு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அன்று "போய் வேலையைப் பாரு" என்று சமாளித்தேன். நேற்றுதான் பதில் கிடைத்தது. விலை, என் பை.

பயப்படாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு அறையில் பையை மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேசை மட்டும் இருந்தது. குடை, படிக்கும் கண்ணாடி, இரண்டு மாதக் குறிப்புகள் எழுதிய நோட்டு எல்லாம் போயின. அறை நிறையக் கூட்டம். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாரே ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரர்னு நினைச்சேன்."

"என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சும்மா. அவர் வந்திருந்தா நீ அப்பவே அலறியிருக்கணும்!"

பாவம், அழுதே விட்டாள். நான்தான் தேற்றினேன். அவள் மேல் தப்பில்லை. எல்லாரும்தான் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் யாரும் சொல்லவில்லை. உன் பென்சில் டப்பாவும் அப்படித்தான் போயிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பார்சல் போட்டுவிட்டேன். பித்தளைப் பூட்டு நான்கு, சைக்கிளுக்குப் போடும் சங்கிலி ஒன்று, ஆபத்தில் ஊத ஒரு விசில். கடையிலேயே உயர்ந்த சரக்கு. சும்மா அலமாரியில் போட்டு வைக்காதே.

அறுபத்தொரு வயதில் வரலாறு படிக்கப் போகிறேன் என்று நீ கிளம்பியபோதே சொன்னேன். பல்கலைக்கழகம் என்றால் யார் யாரோ வருவார்கள், போவார்கள் என்று. கேட்டாயா? இங்கே இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். எதிரில் டீ குடிக்கப் போனாலும் ஷட்டரை இறக்கி மூன்று பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் அதைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். என் கடையில் இன்றுவரை ஒரு ஆணி காணாமல் போனதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் பருவம் முடிவதற்குள் உன் பொருள் இன்னொன்று காணாமல் போனால், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். இதற்கு எனக்கு உன் வாக்கு வேண்டும்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடுகிறேன். வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

பி.கு.: உறையில் டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா பார். யாராவது பிரித்திருந்தால் எழுது.


செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

உன் உறையை யாரும் பிரிக்கவில்லை. என்னாலேயே பிரிக்க முடியவில்லை. டேப்போடு சேர்ந்து கடிதமும் கிழிந்ததில் "நேரத்துக்கு" என்று தொடங்கும் ஒரு வரி பாதியோடு நிற்கிறது. சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

வாக்குத் தந்தேன். இன்னொன்று போனால் வந்துவிடுகிறேன். நவம்பரில் எங்கள் ஆய்வுரை. இந்த ஊர்ப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளை வைத்து நான் எழுதுகிறேன். அதை எல்லார் முன்னாலும் நின்று படிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் வாக்குக் கேட்டாய். நானும் கொடுத்தேன்.

இனி உன் பூட்டின் கதை. புதிதாக வாங்கிய பச்சைப் பையின் வாயைச் சங்கிலியால் இறுக்கிச் சுற்றி, மேசைக் காலோடு சேர்த்துப் பூட்டினேன். சாவியைப் பத்திரமாகப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்! நூலகக் காவல் அறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. மேசையின் ஒரு முனையைத் தூக்கினார், காலுக்கு அடியில் சங்கிலியை இழுத்தார், பையை என் கையில் கொடுத்தார். அரை நிமிடம் கூட ஆகவில்லை. உன் பூட்டு கடைசிவரை திறக்கவே இல்லை. நீ பெருமைப்படலாம்.

அந்த அம்மா சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டிப் புலம்பினார். "பொருளுக்கு நீங்களே பொறுப்புன்னு நாலு வருஷமா ஒட்டுறேன் டீச்சர். ஒட்டி ஒட்டிக் கைதான் வலிக்குது. களவு குறையலை." எனக்குச் சட்டென்று உறைத்தது. உன் பொருளுக்கு நீயே பொறுப்பு என்றால், பக்கத்து மேசைப் பொருள் எனக்கு எதற்கு? பிள்ளைகள் ஒழுங்காகப் படித்து அதன்படி நடக்கிறார்கள்!

வகுப்பில் நான் ஒன்று செய்வேன். "எல்லாரும் சத்தம் போடாம இருங்க" என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தியைப் பார்த்து, "நீ கொஞ்சம் பார்த்துக்கோ, நான் இதோ வந்துடுறேன்" என்றால் போதும். அவளே அசையாமல் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் அதையே நூலகத்தில் செய்து பார்த்தேன். அன்றைக்கு அழுத அதே பெண்ணிடம், முகத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம் என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்றேன். அலமாரிகளுக்கு நடுவே ஒரு பதிவேடு அகப்பட்டது, பத்து நிமிடம் ஐம்பதானது. திரும்பி வந்தால் அவள் அங்கேயே இருக்கிறாள். வகுப்பு தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டதாம்.

"போகலையாம்மா?"

"பார்த்துக்கச் சொன்னீங்களே ஆன்ட்டி!"

இப்போது அறை முழுக்க இந்தப் பழக்கம்தான். காவல் அறை அம்மா பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, "எழுந்து போகிறீர்களா? ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று எழுதி ஒட்டினார். மாலையில் விடுதிக்குப் போகிறவர்கள் தனித்தனியாகப் போவதில்லை. ஏழு மணிக்கு வாசலில் கூடி, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போகிறோம். வழியில் எரியாத விளக்கு இருந்தால் கம்பத்தின் எண்ணைக் குறித்துக் கொடுக்கிறோம். பத்து நாளாக ஒரு பொருளும் போகவில்லை.

விசிலை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

விசிலைத் தானம் செய்தாயிற்று. அடுத்து பூட்டா?

நாலு பேரை நம்பச் சொல்கிறாய். பார்த்துக்கொள்ளச் சொன்னவனே எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வாய்? இதற்கு உன் மூன்றாம் வகுப்பில் பதில் இருக்கிறதா? பூட்டு யாரிடமும் பல்லிளிக்காது.

வாக்கு நினைவிருக்கட்டும்.

தம்பி


செப்டம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

நல்ல கேள்வி. இங்கே ஏழு மணிக்கு வாசலில் கூடும்போது அந்தப் பெண்ணும் இதையேதான் கேட்டாள். ஒரே ஒருவர் மட்டும் இருக்கும் அறையில் நாங்கள் பையை விட்டுப் போவதில்லை, கையோடு எடுத்துக்கொள்வோம். நிறையப் பேர் இருக்கும் இடத்தில், நாமாக ஒரு முகத்தைத் தேர்ந்து கேட்கிறோம். தானாக வந்து "நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் விடுவதில்லை. இதிலும் ஓட்டை இருக்கலாம். உன் பூட்டில் இல்லையா? மேசையைத் தூக்கினால் முடிந்தது.

நீ ஒருமுறை நேரில் வந்து பாரேன்.

உன் அக்கா


அக்டோபர் 12

அக்காவுக்கு,

அன்று நீ காவல் அறையில் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் பஸ் ஏறிவிட்டேன். நடந்ததை எழுத்திலாவது சொல்லிவிடுகிறேன்.

சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று கடைக்கு ஐந்து பூட்டுப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். வாசிப்பு அறைக்கு வந்தால் மேசையில் உன் பச்சைப் பை அநாதையாகக் கிடக்கிறது. நீ அலமாரிப் பக்கம் போயிருந்தாய். பையில் சங்கிலி இல்லை, பூட்டும் இல்லை.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அது காணாமல் போன கணக்குத்தான். நீ வாக்குத் தவற மாட்டாய், வீட்டுக்கு வந்துவிடுவாய். நோட்டுகளைப் பிறகு எப்படியாவது உன்னிடம் சேர்த்துவிடலாம். இப்படி நினைத்துத்தான் எடுத்தேன்.

நான்கு அடி வைத்திருப்பேன்.

"சார், அந்தப் பை உங்களுதா?" என்றாள் ஒரு பெண்.

"எங்க அக்காவோடதும்மா."

"போன தடவை வந்தவரை வீட்டுக்காரர்னு நினைச்சு விட்டுட்டேன். இந்தத் தடவை தம்பியா? உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"பூட்டு இருக்கும்," என்றேன் அடித்துச் சொல்கிற மாதிரி. "பித்தளைப் பூட்டு. நான் அனுப்பினது."

திறந்து பார்த்தார்கள். பூட்டு இல்லை. என் பேச்சை நீ கேட்கவில்லை என்பது அத்தனை பேர் முன்னால் நிரூபணமாயிற்று. அடுத்த நொடி அந்தப் பெண் விசிலை ஊதினாள். என் கடை விசில்! அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ஏழு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் கூட என் மேல் கை வைக்கவில்லை, ஒருவர் கூட வழியும் விடவில்லை. காவல் அறை அம்மா, "வாங்க சார், உட்காருங்க, டீச்சர் வரட்டும்" என்று நாற்காலி போட்டார். பதிவேட்டில் அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்: "திருட்டு முயற்சி. எடுத்தவர்: தம்பி (அவரே சொன்னது)."

எனக்கு ஒரே வெட்கம். ஆனால் பஸ்ஸில் வரும்போது வேறொன்று தோன்றியது. அந்த ஏழு பேருக்கும் நீ யார்? ஒரு பைக்காக எழுந்து நின்றார்களே. என் கடையை யாராவது உடைத்தால் தெருவில் யார் எழுந்து நிற்பார்?

மன்னித்துவிடு.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் அன்றைக்கே முடிந்தது. சிரித்து முடித்ததும் தேடினேன், நீதான் இல்லை. அந்தப் பெண் இன்னும் "உங்க தம்பி சார்கிட்ட ஸாரி சொல்லிடுங்க ஆன்ட்டி" என்று என்னை விடாமல் துரத்துகிறாள். "சொல்ல வேண்டாம், அடுத்த தடவை வந்தாலும் பிடி" என்றேன்.

பை காணாமல் போகவில்லை. அதனால் வாக்குப்படி நான் வரவேண்டியதில்லை. ஆனால் உன்னிடம் ஒரு குறை எனக்கு உண்டு. "வீடு வெறிச்சுனு இருக்குக்கா" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. அதற்குப் போய் நான்கு பூட்டு எதற்கு? இரண்டு டம்ளர் என்று எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாதது போலப் படித்துவிட்டேன். அது என் தப்பு.

நவம்பர் 21, காலை பத்து மணிக்கு என் ஆய்வுரை. யார் வேண்டுமானாலும் வரலாம். நீ வருவாயா? முந்தின நாளே கிளம்பினால்தான் சரிப்படும். அந்த இரண்டு நாள் கடையை என்ன செய்வாய் என்று நான் சொல்ல மாட்டேன். நீயே யோசி.

உன் அக்கா


நவம்பர் 10

அக்காவுக்கு,

திங்கட்கிழமை டீ குடிக்கப் போகும்போது ஷட்டரை இறக்கவில்லை. தையல்காரர் முன்னால் போய் நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

"பத்து நிமிஷம் கடையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எனக்கு டீ இறங்கவே இல்லை. நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தேன். மனுஷர் தைக்கிற சட்டையோடு என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அதுக்குள்ள வந்துட்டியா? பத்து நிமிஷம்னு சொன்னே, போய் மிச்ச டீயைக் குடி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் மருந்து வாங்கப் போனபோது அவர் கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு பொத்தான் கூடக் காணாமல் போகவில்லை.

இருபதாம் தேதி ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறேன், காலையில் நேரே ஆய்வுரைக்கு வந்துவிடுவேன். கடையின் சாவிக்கொத்து அவரிடம் இருக்கும். விசில் ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

பஸ் தாமதமானாலும் ஆகலாம். அதனால் நீ ஒன்று செய். முன் வரிசையில் ஒரு நாற்காலியில் உன் பச்சைப் பையை வை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "என் தம்பி வர்ற வரைக்கும் இந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போ.

உன் தம்பி