பன்னிரண்டே கால் நிழல்

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று மதியம் முடிவு செய்தேன். மொட்டைமாடியில் ஆண்டெனா குழாயின் நிழல் முனையில் சாக்பீஸால் கோடு போட்டேன். விரலில் ஒட்டிய தூளின் வாசனையில் நம் ஆசிரியர் அறை எதிரே வந்து நின்றது.

நான் வரலாறு, நீ புவியியல். தை முதல் நாள்தான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று மார்கழி பிறந்ததும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தேன். நீ மறுக்கவில்லை. விடுமுறையிலும் வந்து, தினமும் கொடிக்கம்பத்து நிழலின் முனையைத் தரையில் குறித்தாய். "பன்னெண்டுக்கு இல்ல மாப்ள, நம்ம மதுரைக்கு உச்சி பன்னெண்டே காலுக்குத்தான்."

பொங்கலுக்கு முந்தின நாள் ஆசிரியர்கள் எல்லோரையும் கம்பத்தடிக்கு அழைத்தாய். மிக நீண்ட கோடு டிசம்பர் இருபத்திரண்டினுடையது. அன்றைய நிழல் அதைவிட ஓரடி குட்டை.

"சூரியன் ஒன் போர்டப் பாக்காமலே திரும்பிருச்சுடா!"

தலைமையாசிரியர்கூடச் சிரித்தார். என் முகம் பார்த்துச் சமாதானமாக ஏதோ சொன்னாய்: "வருசத்துலயே நீளமான ராத்திரிக்கு ஈரான்காரன் மாதுளம்பழம் திம்பான். சீனாக்காரன் அரிசிமாவு உருண்டை பிடிப்பான். நீங்க கோலத்துல பூசணிப்பூ வைக்கிறீங்க, நாங்க வாசல்ல ஸ்டார் கட்டுறோம். வெளிச்சம் திரும்பி வருமான்னு எல்லாருக்கும் ஒரே பயம் மாப்ள. நாளு கொஞ்சம் முன்னபின்ன, அம்புட்டுத்தான்."

எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். ஜூனில் கப்பலூர்ப் பக்கம் மாற்றலும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் ஓர் அஞ்சலட்டை. "இன்னைக்கு நிழல் பதிமூணு அடி. நாளைலருந்து குறையும்." அவ்வளவே; கையெழுத்துகூட இராது. பதினோரு அட்டைகள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒன்றையும் கிழித்தெறியவும் இல்லை.

ஐப்பசி மழையில் நீ போய்ச்சேர்ந்துவிட்டாய். அட்டை எப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும், இந்த வருடம் அதுவும் வராது என்று தெரிந்தும் காலையிலிருந்து தபால்காரரை எதிர்பார்த்தேன். பிறகுதான் மாடிக்கு ஏறினேன்.

தலைமையாசிரியரின் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னை எப்போது மன்னித்தேன் என்று தெரியவில்லை. ஏழாவது அட்டையிலோ எட்டாவதிலோ இருக்கும். கோடு போட்டபோது முதுகில் வெயில் இதமாக இருந்தது. வெகுநேரம் இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறடிக் குழாய். நிழல் நான்கு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாளையிலிருந்து குறையும்.

இதைத் தல்லாகுளத்தில் உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். உன்னைக் கட்டிய தங்கச்சி பிரித்துப் படிக்கும்; யார் எழுதியது என்று அதற்குத் தெரியும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன். நீ ஒருமுறையாவது போட்டாயா என்ன?