கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நடமாடிக்கொண்டு இருக்கிறேன், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். குழந்தை பல் காட்டிச் சிரிக்கிற படம் பார்த்தேன், உன் அப்பாவே சிரிக்கிற மாதிரி இருந்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன் ராசா. உன் ஆஸ்பத்திரி நர்சுகள் எல்லாரும் வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நீ ஒருத்தன் எழுந்து அவசர வார்டை விட்டுவிட்டுப் போவது தப்பு என்று பேசினாயாம், அன்றிலிருந்து யாரும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம், வருத்தக் கடிதம் ஒன்றை அவர்களே அடித்து வைத்துக்கொண்டு கையெழுத்து கேட்கிறார்களாம். போட்டுத் தொலைடா, ஊரோடு ஒத்துப் போ என்றேன். அதற்கு நீ, அப்பாவே மன்னிப்பு கேட்டாரு, நான் எம்மாத்திரம் என்றாய். அப்பா மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டது நான்.

நம்ம ஊர் பஸ் கவிழ்ந்து டிரைவர் செத்துப்போனதும், இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அவனைத் தெய்வமாக்கிப் பேசியதும், உன் அப்பா எழுந்து அவன் போன் பேசிக்கொண்டே ஓட்டுவான், நானே பார்த்திருக்கிறேன், செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் பேசணும்னா இனிமே சாகப்போறவனுக்காக யார் பேசுறது என்று கேட்டதும் உனக்குத் தெரியும். முன்வரிசையில் டிரைவர் பெண்டாட்டி பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே இந்த மனுஷன் மேல் ஆத்திரம் வந்தது. மறுநாளிலிருந்து அப்பா சலூனுக்கு ஒரு தலை வரவில்லை. ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்து, அவர் பேச்சைக் கேட்பதற்காகவே முடி வளராமலே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். இவருக்குப் பேச வாய் இருந்தால் அவர்களுக்குத் திட்ட வாய் இல்லையா, யாரிடம் தலையைக் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். ஆனால் ஒருநாள் கடைக் கண்ணாடிக் கதவில் கல் விழுந்தது. அது பேச்சு இல்லையே. நான் பயந்துபோனேன்.

என் எழுத்து கோணல் என்று பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவிடம் சொல்லி, நான் பேசியது தவறு, மன்னிக்கவும் என்று உன் அப்பா பெயரில் எழுதி வாங்கி, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துப் போய் நாற்காலிக்கு எதிரே இருக்கிற கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன். அவர் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழிக்கவும் இல்லை. கிழித்தால் ஊர் முன்னால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன் என்று விட்டார் போல. ஆட்கள் திரும்பி வந்தார்கள், என்ன ரேடியோ, பேட்டரி தீர்ந்து போச்சா என்று கிண்டல்கூடப் பண்ணினார்கள். கத்திரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வருகிறவன் எல்லாம் தன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தைப் படிக்கணும், இவர் அவன் பின்னால் நின்று வெட்டணும். வீட்டிலும், உப்பு குறைவா என்று கேட்டால் தலையாட்டுவார். ஐந்து மாதம். அப்படியே போய்ச் சேர்ந்தார். டாக்டர் மாரடைப்பு என்றார், சரி, இருக்கட்டும்.

ஊர் கோபப்பட்டபோதுகூட அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார் கண்ணு. வாயை அடைத்தது நான். நல்லதுக்குத்தான் செய்தேன், அதுதான் தொண்டையில் நிற்கிறது.

நேற்று போய்க் காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன், பசைத் தடம் போகவில்லை. இன்று காலை டிரைவர் பெண்டாட்டி வீட்டுக்குப் போய் அதை எழுத வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, தெரியும்க்கா, அண்ணன் எழுதியிருந்தா ரெண்டு வரியில முடிச்சிருப்பாரா என்றாள். அண்ணன் பேசினது இன்னும் எனக்கு ஆறலை, ஆனா அதை என் முகத்துக்கு நேரா சொன்னது அவர் ஒருத்தர்தான் என்றும் சொன்னாள். இரண்டு பேரும் அழுதோம்.

நீ பேசியது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் கஷ்டம் இருக்கும், அதைக் காதுகொடுத்துக் கேள். தப்பு என்று உனக்கே பட்டால் உன் வாயால் போய்ச் சொல். படாவிட்டால் அடுத்தவன் அடித்த கடிதத்தில் கையெழுத்துப் போடாதே, தனியாகச் சாப்பிட்டாலும் வயிறு நிறையும். நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மறந்துவிடு. மருமகளிடம் இதைப் படித்துக் காட்டு, பயத்தில் அவள் உனக்காக எதுவும் செய்துவிடக் கூடாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். குழந்தை என்ன உளறினாலும் உஷ் என்று அதட்டாதே, உளறட்டும். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள், இதை யாரிடமும் எழுதி வாங்கவில்லை.

சொந்தக் கையால் எழுதிய,
உன் அம்மா