தம் உடைத்த மாப்பிள்ளை

ஞாயிறு இரவு

என் மாப்பிள்ளை ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டு வீடியோ எடுப்பவர். இன்று மதியம் பேகம்பூரில் காதர் பாய் கடைக்கு நான்தான் கூட்டிப் போனேன். பிரியாணி தம்மில் இருந்தது, மூடி மேல் கங்கு.

"பாய், ஒரு ஷாட்டுக்கு மூடியத் திறங்க. ஆவி பறக்கணும்."

"செத்த நேரம் பொறுங்க தம்பி. தம் போயிரும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையிடம் எப்படி வேண்டாம் என்பது? எனக்காகப் பாய் மூடியைத் திறந்தார். அரிசி அரைவேக்காட்டில் நின்றுவிட்டது.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. தலைப்பு: 'திண்டுக்கல்லில் வேகாத பிரியாணி!' மூடியைத் திறக்கச் சொன்னதை மட்டும் வெட்டிவிட்டார். பாய்க்குப் போன் செய்தேன். "விடுங்க சார், நம்ம வீட்டு மாப்பிள்ளைதானே" என்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் எரிந்தது.

காலைப் பலகாரம் என்ன என்று மனைவி கேட்டாள்.

"இட்லி. பாதி வேகும்போதே மூடியத் திறந்துரு. அப்படியே மாப்பிள்ளை தட்டுல வை. வீடியோ எடுக்கட்டும்."

"கிறுக்கா உங்களுக்கு?"

அவள் செய்யமாட்டாள். மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. காலையில் நானே அடுப்படிக்குப் போகிறேன்.