பன்னிரண்டாவது பாட்டில்

டிச. 13, சனி

காலை முதல் தூறல். துணி காயவில்லை. பழைய சாமான் விற்கும் ஆக்ரிக் கடையிலிருந்து காலி ஒயின் பாட்டில் பன்னிரண்டு, எல்லாம் கரும்பச்சை. வாளியில் வெந்நீர், சமையல் சோடா, ஒரு மணி நேரம் ஊறல். எட்டில் லேபிள் தானாகவே கழன்று மிதந்தது. மற்ற நாலில் காகிதம் போனது, பசை போகவில்லை. தேங்காயெண்ணெய், சாம்பல், கத்தி முனை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

சளி வேறு. நாலு நாளாக மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை. காப்பி வெறும் சுடுதண்ணீர்.

சாயங்காலம் இவர் மரச்சாமான் கடையில் பாலிஷ் வேலை முடித்து, ஒரு டின் தின்னரோடு வந்தார். துணியில் நனைத்து இரண்டு இழுப்பு. பசை இருந்த இடம் தெரியவில்லை. "சோடாவாம், சாம்பலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவ?"

டிச. 15, திங்கள்

வெயில். நாற்பத்தொரு நாள் முடிந்து, கிறிஸ்மஸ் ஒயின் ஊறிய பரணியைத் திறந்தேன். நல்ல தெளிவு, சேசுவுக்கு நன்றி. வடிகட்டல் பத்து மணி வரை. நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப் பாகு. எப்போதும் போல ஒவ்வொரு பாட்டிலிலும் முதலில் இரண்டு விரல் பாகு, அதன் மேல் ஒயின்.

எண்ணினால் பதினொன்று. பன்னிரண்டாவது ஜன்னல் திட்டில் தனியாக நின்றது, கரும்பச்சைக் கண்ணாடிக்குள் அடியில் கருமையாக இரண்டு விரல். பாகு ஊற்றிவிட்டு நானே மறந்து வைத்திருக்கிறேன் போல. அதிலும் ஒயின் ஊற்றி, தக்கை அடித்து, அடியில் எண் எழுதினேன்.

நோட்டில்:
1–6 கன்னியர் மடம்
7–9 வீட்டுக்கு
10, 11 சுள்ளிக்கல் தங்கச்சி
12 த்ரேசியா அம்மச்சி

வேலை முடியும்வரை வாயில் ஜெபமாலை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

டிச. 18, வியாழன்

அடுத்த வீட்டு அம்மச்சிக்குக் கொடுத்தாயிற்று. கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு மணமே தெரியாது, ஆனால் வாய்த்துடுக்கு மட்டும் அப்படியே. "போன கிறிஸ்மஸுக்கு நீ தந்தது கிராம்புத் தண்ணிடீ. இதாவது தலைக்கு ஏறுமா?"

மருமகள் ஷிஜி உள்ளிருந்து: "ஏறினா நாங்கதான் எறக்கணும். குடுக்காத சேச்சி."

கிறிஸ்மஸ் வரை அம்மச்சி பொறுக்க மாட்டார். அந்த வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை.

டிச. 20, சனி

அம்மச்சிக்கு விடியலிலிருந்து வாந்தி, தலைவலி. "கண்ணு முன்னால ஒரே புகையா இருக்குடீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் சில்லென்று. ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

மகன் ஜோஷி தெருவில் நின்று ஷிஜியிடம் கத்தினான். "பழைய மீன்கறியச் சூடாக்கிக் குடுத்தியா? என் அம்மயக் கொல்லவா பாத்த?" ஷிஜி செருப்பில்லாமல் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினாள்.

அம்மச்சிக்காக மெழுகுவர்த்தி.

டிச. 21, ஞாயிறு

காலை ஆறரை. பூசைக்குக் கிளம்பும்போது இவர், குடில் பலகைக்குப் பாலிஷ் போடவேண்டும் என்று ஜன்னலைத் துழாவினார். "டின் ஒழுகிச்சேன்னு மிச்சத் தின்னர ஒரு பாட்டில்ல ஊத்தி இங்க வச்சேனே. எங்க?"

நோட்டைத் திறந்தேன். 12.

சொன்னேன். இவர் கதவைச் சாத்தினார். "வாயத் தொறக்காத. பெர்மிட் இல்லாம ஒயின் போட்டதுக்கே கேஸு. கடையில என்னய வச்சிருப்பானா? டாக்டர் பாத்துக்குவாரு."

பூசைக்குப் போனேன். இந்தப் பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கவில்லை. வாசலில் பெண்கள் பேச்சு: ஜோஷி ஷிஜியைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டானாம். "மீன்கறியில என்னத்தக் கலக்குனாளோ" என்று ஒருத்தி. நான் அங்கேதான் நின்றேன்.

ஜெபமாலை மூன்று தடவை. ஜெபம் போதும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன்.

டிச. 22, திங்கள்

மழை. இவர் எழும் முன்னே கிளம்பினேன்.

ஐசியூ வாசல் பெஞ்சில் ஜோஷி. எதிர்ச் சுவரோரம் ஷிஜி, மடியில் கஞ்சி பிளாஸ்க். போகச் சொல்லியும் போகவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று சொன்னேன். "மீன்கறி இல்ல. என் பாட்டில். அதுல தின்னர் கெடந்தது. பாகுன்னு நெனச்சேன்."

ஜோஷிக்குப் புரியவே நேரமானது. ஷிஜி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "என்ட்ட சொல்லி என்ன சேச்சி, டாக்டர்ட்ட சொல்லு, வா!"

டாக்டர் சின்னப் பெண். தின்னரில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இவருக்குப் போன் போட்டேன். திட்டவில்லை. டின்னில் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தார். டாக்டர் உள்ளே பார்த்து ஏதோ மருந்துப் பெயரைக் கத்தினாள். இரண்டு நர்ஸ் ஓடினார்கள்.

"பார்வை திரும்பக் கிட்டாது, நேரம் கடந்துபோச்சு. உயிரைப் பார்க்கிறோம்" என்றாள். பிறகு பேனாவை எடுத்து: "உங்களுக்கு எப்போ தெரியும்?"

நேற்று, காலை ஆறரை என்றேன். எழுதிக்கொண்டாள்.

ஷிஜி என் கையை விட்டுவிட்டாள்.