உள்ளும் புறம்பும் கீல்

ஹூலவேன்,
19 செப்டம்பர் 1971

அன்பு மருமகள் ஃபெம்மிக்கு உன் தாய்மாமன் பெரென்ட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஏப்ரலில் தேவாலயக் கூரைக்குக் கூடுகட்ட வந்த நாரைகள் மூன்றே நாளில் திரும்பிப் போனபோது, ரொட்டிக்கடை வாசலில் நின்று, இந்தக் கோடையில் ஊரில் ஒரு சவப்பெட்டியாவது சின்ன அளவில் செய்ய வேண்டிவரும் என்றேன். ரொட்டிக்கடைக்காரனைக் கேட்டால் நான் ரொட்டி விலையைப் பற்றிப் பேசியதாகச் சொல்வான். அவனுக்கு ஞாபகசக்தி போதாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் சரக்குப் படகு ஓட்டி ஆன்ட்வெர்ப் முதல் பாசல் வரை பார்த்தவன். ஐந்து பாஷையில் பேரம் பேசுவேன். நாரை பேசுவதும் ஓரளவு புரியும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜூலையில் இங்கிருந்து கனடா வந்த குடும்பத்துப் பையனுக்குக் காய்ச்சல் என்றும், கால் அசையவில்லை என்றும், அவன் உன் பிள்ளைகளோடு விளையாடினான் என்றும் எழுதியிருக்கிறாய். உன் மூன்று பிள்ளைகளுக்கும் போலியோ ஊசி போடலாமா என்று கேட்டதற்கு உன் வீட்டுக்காரர் டிர்க், “போதகர் சொன்னார்னா போடலாம், உங்க மாமா சொன்னார்னா வேணாம்” என்றாராமே. விவரமான மனுஷன். போதகர் கடைசி நாளில் என் காரில் என்ன சொன்னார், அவர் வாயால் வந்தபடியே எழுதுங்கள் என்கிறாய். எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

உன் அண்ணன் ரூலோஃப் அனுப்பிய தந்தியில் அவன் மகள் லும்மி போய்விட்டாள் என்பதற்கு மேல் ஒன்றும் இருந்திருக்காது. நீ கப்பல் ஏறும்போது அவளுக்கு மூன்று வயது. போனபோது ஏழு. முன்பல் இரண்டும் விழுந்து, சொல்கிற எல்லாவற்றிலும் காற்று வரும். வியாழக்கிழமை வைக்கோல் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், தலை வலிக்கிறது என்றாள். சனிக்கிழமை நான் போனபோது படுக்கையில் இருந்தாள். “தாத்தா, என் கால் தூங்கிடுச்சு. நீங்க படகுல கத்துற மாதிரி கத்தி எழுப்பி விடுங்க” என்றாள். என் குரல் உனக்குத் தெரியும், ஒரு மைலுக்கு அப்பால் மதகுக்காரனை எழுப்பிய குரல். அந்தக் காலைப் பார்த்துக் கத்தினேன். அவள் சிரித்தாள். பிறகு கை தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை மூச்சும் தூங்கப் பார்த்தது.

ஸ்வோல்ல நகரத்து ஆஸ்பத்திரியில் தலை மட்டும் வெளியே தெரிய ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி அவளுக்காக மூச்சு விட்டது. அந்த எந்திரத்தின் தோல்பட்டையில் காற்று கசிகிறது என்று அங்கிருந்த பொறியாளருக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். அவர் என்னை எந்தக் கல்லூரி என்று கேட்டார். நாலாம் நாள், புதன்கிழமை, பால் கறக்கும் நேரத்தில் போய்விட்டாள்.

நம் ஊர் டாக்டர் மேயர்ஸை நீ பார்த்ததில்லை. தெற்கத்தி ஆள், கத்தோலிக்கர். நாலு வருஷமாக நம்மவர்கள் எலும்பு முறிந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ரூலோஃப் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கையில் ஜெபமாலையோடு அழுதார். “ஏன் டாக்டரே, ஊசியும் வச்சிருக்கீங்க மணியும் வச்சிருக்கீங்க, எதுல நம்பிக்கை?” என்று குத்தலாகக் கேட்டேன். “ஒரே கைலதான் ரெண்டையும் பிடிக்கிறேன் பெரென்ட்” என்றார்.

ஊர் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைக்கு இடிதாங்கி வைத்தால் அவிசுவாசம், மாட்டுக்குக் காப்பீடு எடுத்தால் அவிசுவாசம், சுகமாக இருக்கிறவனுக்கு வைத்தியன் எதற்கு என்று வேதத்தைக் காட்டும் ஊர். லும்மிக்குப் பிறகு இன்னும் ஆறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. பட்டணத்திலிருந்து புகைப்படக்காரர்கள் வந்து, நம் பெண்களின் கறுப்புப் பாவாடையையும் மரச்செருப்பையும் படமெடுத்து, கற்காலத்து ஜனங்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். ஊசி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அன்றைக்குக் கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்று முட்டாளே என்று கூப்பிட்டால் எவன் திறப்பான்? உள்ளேயும் இரண்டு கட்சி. ஊசி போட்டவர்கள் தேவாலயத்தில் இடதுபக்கம், போடாதவர்கள் வலதுபக்கம். வெட்கப்படுகிறவர்கள் வரட்டும் என்று டாக்டர் பன்றித் தொழுவத்துப் பக்கம் இருந்த பின்கதவைத் திறந்து வைத்தார். அந்த யோசனையைக் கொடுத்ததும் நான்தான் என்று வைத்துக்கொள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரூலோஃபின் மனைவி ஆல்த்யா என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசாதவள். “இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்காங்க மாமா. அவங்களையும் தூக்கிக் குடுக்கணுமா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ஃபெம்மி, நான் எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவன். ஒன்றை மட்டும் சொல்லாமலே வைத்திருந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன் ரோட்டர்டாம் துறைமுகத்தில் ஒரு டாக்டர் படகுக்காரர்களுக்கெல்லாம் இந்த ஊசியைப் போட்டார். நானும் கையை நீட்டினேன். ஊரில் சொன்னால் திருவிருந்துக்கு உட்கார விடமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வைக்கோல் வண்டியில் லும்மிக்குக் கொடுக்க என் பையில் மிட்டாய் இருந்தது. இந்தச் செய்தியும் எனக்குள் இருந்தது. மிட்டாயைத்தான் கொடுத்தேன்.

இனி போதகர் விஷயம். வயதான வெல்டிங்க் போதகருக்குப் பார்வை மங்கியதிலிருந்து நான்தான் அவருக்குக் கார் ஓட்டினேன். லும்மியை அடக்கம் செய்து பதினெட்டாம் நாள் காலையில் அவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வேண்டாம், பெரென்டைக் கூப்பிடு என்றார். ஸ்வோல்ல போக நாற்பது நிமிஷம். காரில் நாங்கள் இருவர் மட்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரத்தில், அவர் மனைவி வந்து சேருமுன் போய்விட்டார்.

அன்று மாலை மாட்டுத் தொழுவத்தில் ரூலோஃபிடம் சொன்னேன். போதகர் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னார்: “நோவாவைக் கர்த்தர் சும்மாவே தூக்கிக் காப்பாத்தியிருக்கலாம், பெரென்ட். அப்படிச் செய்யல. மரத்தை வெட்டிப் பேழை செய், தண்ணி புகாம உள்ளும் புறம்பும் கீல் பூசுன்னார். மழைக்கு முன்னாடியே பூசச் சொன்னார். நோவா பூசினதை அவிசுவாசம்னு யாரும் எழுதி வைக்கல. ஊசியும் கீல்தான். ரூலோஃப்கிட்ட சொல்லு.”

என்னை யாரும் நம்புவதில்லை, அது எனக்கே தெரியும். ஆனால் இதில் நான் நாரையையும் சேர்க்கவில்லை, பொறியாளரையும் சேர்க்கவில்லை. மொட்டையாகச் சொன்னேன். அதனால் நம்பினான். உள்ளே போய் வேதத்தைத் திறந்து அந்த வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமைக் கறுப்பு உடுப்பில், மகன் ஹார்மை ஒரு கையிலும் சின்னவனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு டாக்டர் வீட்டு முன்வாசலில் போய் நின்றான். ஊரே சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தது. அந்த வாரம் நாற்பது குடும்பம் போனது. டாக்டர் கணக்கில் பதினொன்று. பிள்ளைகள் இருவரும் இன்றுவரை நலம்.

இவ்வளவோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் ரூலோஃப் முன்பு, கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி அழுதான். இப்போது அப்படிச் சொல்வதில்லை, அழுவதுமில்லை. போதகர் கல்லறையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறான். அவர் மனைவிக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்திவிட்டான். போன வாரம் கால்வாய்க்கரையில் என்னை மறித்துக் கேட்டான்: “அவருக்குத் தெரிஞ்சிருக்கு மாமா. பிரசங்கமேடையில நின்னு இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா என் புள்ள இருந்திருப்பாள்ல? ஏன் சொல்லல?”



நீ கேட்டதை எழுதிவிட்டேன். கடிதத்தை டிர்க்கிடம் வாசித்துக் காட்டு, நோவா வருமிடத்தை இரண்டுமுறை வாசி. ஞாயிறுவரை காத்திருக்காதே. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போ. கர்த்தர் உன் வீட்டு வாசற்படியையும் உன் பிள்ளைகளின் கால்களையும் காப்பாராக.

உன் அன்புள்ள மாமன்,
பெரென்ட்

ஃபெம்மி, இது தனித்தாள். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட பிறகு அடுப்பில் போட்டுவிடு. டிர்க்குக்குக் காட்டாதே. ரூலோஃபுக்கு என்றைக்கும் எழுதாதே. அவன் அந்தக் கிழவர் மேல் வைத்திருக்கும் கோபம் என்மேல் வரவேண்டியது. சொன்னால் கோபம் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் ஊசிக்காக அவன் பிடித்து நடந்த வார்த்தை கைநழுவிப் போகும், அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாவது தவணை ஊசி வேறு பாக்கி இருக்கிறது. அதனால் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். உன் ஒருத்தியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போதகர் அந்த நாற்பது நிமிஷமும் கண்ணை மூடியே இருந்தார். பாலம் தாண்டும்போது ஒருமுறை பெப்பர்மின்ட் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இல்லை என்றேன். சரி என்றார். நோவாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படகுக்குக் கீல் பூசத் தெரிந்தவன் நான்தான்.