குராமோச்சி இன்னும் என்னை உட்காரச் சொல்லவில்லை

பிப்ரவரி 4, மியாசாகி

பேஸ்பால் பயிற்சி முகாம் தொடங்கி நான்கு நாளாகிறது. குராமோச்சி இன்னும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பயிற்சியில் வீச்சாளர்களுக்குப் பந்து பிடிப்பதுதான் என் தொழில். நான் நின்றபடி பிடிக்கிறேன்; அவன் கையைச் சூடாக்குவதாகச் சொல்லிக்கொண்டு வீசுகிறான். பிடிப்பவனை உட்காரவைத்து வீசினால்தான் அது வீச்சு. மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு. இருபத்து மூன்று வயது நெஸு முதல் நாளே உட்காரவைத்துவிட்டான். இவனுக்கு முப்பத்தாறு. ஆறு வருடமாக எங்கள் அணியின் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் இவனுடையது. ஏன் தள்ளிப்போடுகிறான்?

முழங்கை. வேறென்ன?

பிப்ரவரி 6

வீச்சாளர்களின் கோச் தொகிவா வழக்கம்போலத் தனியே அழைத்தார். "இவதாதே, இருபத்தி நாலாம் தேதிக்குள்ள பட்டியல் குடுத்துரு. ஏழாவதுக்கு யாரு, எட்டாவதுக்கு யாரு, ஒம்பதாவதுக்கு யாரு. மெஷின் சொல்றத மெஷின்கிட்ட கேட்டுக்கறேன். உன் கை என்ன சொல்லுதோ அத எழுது."

பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். ஒன்பதாவதில் தவறான ஆளை நிறுத்தினால் முன்னால் ஆடிய எட்டும் வீண். குராமோச்சியை எடுத்துவிட்டாலோ, இந்த வருடத்தோடு அவன் கதை முடிந்தது. அவனுக்கு நான் பந்து பிடிக்காத பருவமே இல்லை.

பிப்ரவரி 9

வெயில். ஆனாலும் முழுக்கைச் சட்டை. பையை இடது கையில் தூக்கிப்போகிறான். வேகம் அளக்கும் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கேட்டால் சிரிக்கிறான். "அது நேத்து வந்த பயண்ணே. எனக்கு உங்க கையுறை போதும்."

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

பிப்ரவரி 10

வலதுகை வீச்சாளன் எவனும் பையை இடது கையில்தான் தூக்குவான். இருபது வருடம் இதே தொழிலில் இருந்துகொண்டு அதையும் நேற்று ஒரு தடயமாக எழுதியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் முழுக்கைச் சட்டை?

பிப்ரவரி 13

இன்று உட்காரச் சொன்னான். முப்பது பந்து. ஒவ்வொன்றும் பட்டாசாக வெடித்தது. எங்களுக்கு முதுகு காட்டி நின்ற கோச், திரும்பாமலே, "ம், குராமோச்சி ரெடி" என்றார். நிருபர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

என் உள்ளங்கை சிவக்கவேயில்லை. நெஸுவின் பத்துப் பந்துக்கே தீப்பிடித்த மாதிரி எரிந்த கை இது.

வெடித்தது பந்து அல்ல, என் வேலை. கையுறையின் குழியில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே வாங்கினால் சொத்தைப் பந்தும் டமாரென்று கத்தும். உள்ளங்கையில் வாங்கினால் மொத்தென்று விழும். சத்தம் கேட்டால் வீசுகிறவனுக்குத் தெம்பு வரும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கூட்டத்திலேயே என் அளவுக்குச் சத்தம் எழுப்ப ஆள் இல்லை.

பிப்ரவரி 14

இளைய பிடிப்பாளன் சும்மாதான் நின்றான். குராமோச்சி அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நான் வரும்வரை காத்திருந்தான். "இவதாதே அண்ணன்தான் வேணும்."

இப்போது புரிகிறது. என் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். பாவிப்பய! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறான், சோறு நானா? என்னையும்ல திருட்டுல கூட்டுச் சேத்துட்டான்!

பிப்ரவரி 17

பட்டியலின் முதல் வரைவு.

நெஸு: கை எரிகிறது. முதல் பந்தை மட்டும் எங்கேயோ எறிகிறான், பயம். இரண்டாவதிலிருந்து தொட முடியாது.

ஓமகாரி: இடதுகைக்காரன். வேகம் கிடையாது, வஞ்சகம் உண்டு. எட்டாவதுக்கு நம்பலாம்.

குராமோச்சி:

எழுத வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 20

மதியச் சாப்பாட்டில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கடா வலிக்குது?"

"என்னது?"

"முழங்கை. எங்கிட்டயாவது சொல்லித் தொலையேன்."

"வலியா? உங்களுக்குத்தாண்ணே வயசாச்சு, எனக்கு ஆகல." என் தட்டிலிருந்த பொரித்த கோழித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறான்! முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பிப்ரவரி 22

பயிற்சி ஆட்டம். ஒன்பதாவதில் குராமோச்சி இறங்கினான். நான்கு பேர், நான்கு அடி. கடைசியில் அடித்தவன் இன்னும் இரண்டாம் அணியில் இருக்கிற பொடியன்.

ஆட்டம் முடிந்ததும் காலணி மாற்றும் பெஞ்சுக்கு வந்தான். கோபமில்லை, குழப்பம்தான் தெரிந்தது.

"அண்ணே, காலையில பயிற்சிக் கூடத்துல அப்படி வெடிச்ச பந்து மதியம் எங்க போச்சு?"

நான் கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷமே மெஷின் கொறச்சுக் காட்டுச்சு. ட்ரெய்னரு வேகம் போச்சுன்னாரு. வீட்டுல அவகூட போதும்னுட்டா. ஒருத்தர் பேச்சையும் நம்பல. உங்க கையுறைச் சத்தத்தத்தான் நம்புனேன்."

கடவுளே. இவனுக்குத் தெரியவே தெரியாது!

சொல்லிவிட்டேன். குழி, உள்ளங்கை, எல்லாம். கையுறையை அவன் கையில் மாட்டி இடத்தையே காட்டினேன். அந்தக் குழியை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"எத்தன நாளா?"

"போன ஆகஸ்ட்லேர்ந்து."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கையுறையைக் கழற்றிப் பெஞ்சின்மேல் பதமாக வைத்துவிட்டுப் போனான்.

வலியுமில்லை, மறைப்புமில்லை. வயது, அவ்வளவுதான். இத்தனை நாள் இந்த நோட்டில் ஒரு பொய்க்காரனைத் தேடினேன். அவன் பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

பட்டியல் கொடுத்தாயிற்று. ஒன்பதாவது: நெஸு. குராமோச்சியின் பேருக்கு எதிரே: "வேகம் போய்விட்டது. போன ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். சொல்லாதது என் தவறு."

கோச் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதப் பத்தி அப்பறம் பேசுவோம்" என்றார்.

பிப்ரவரி 27

குராமோச்சி மெஷின் முன்னால் நின்று வீசினான். மணிக்கு நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு காலத்தில் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காதவன். பிடித்தது இளையவன்.

மார்ச் 5

இன்றும் இளையவன்தான்.

மார்ச் 28

பருவத்தின் முதல் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் ஐந்து ஓட்டம் பின்தங்கியிருந்தோம். வீச்சாளர்கள் காத்திருக்கும் கூடத்தில் தொலைபேசி அடித்தது. கோச் கேட்டுவிட்டு, "குராமோச்சி, கிளம்பு" என்றார். தோற்கிற ஆட்டத்தின் நடுவில் போய் நிற்கிற வேலை. யாரும் கேட்டு வாங்குவதில்லை. அவன் கேட்டு வாங்கினான் என்று பிறகுதான் கோச் சொன்னார்.

இளையவன் எழுந்தான். குராமோச்சி அவனைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்க வாங்கண்ணே."

முதல் பந்தை உள்ளங்கையில் வாங்கினேன். மொத்தென்றது. பக்கத்தில் நின்ற நெஸு திரும்பிப் பார்த்தான்.

"எப்படி?" என்றான் குராமோச்சி.

"கனமில்லடா. ஆனா முட்டிக்குக் கீழ வருது, மூலையில விழுது."

தலையாட்டினான். அடுத்ததை இன்னும் கீழே போட்டான்.