சிவகிரி சுந்தரம்மாளின் கடிதம்

12-2-1953, வியாழன்

லேகியக் கடை சங்கரசுப்பு அண்ணாச்சி மூன்றாவது தடவையும் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'நாகசுனை லேகியம் இருமலைத் தணிக்கும்' என்று எழுதியிருந்தேன்.

"தணிக்கும்னு போட்டா எவன்வே வாங்குவான்? சயரோகத்தைக் குணமாக்கும்னு எழுதும்."

குணமாகுமா என்று கேட்டேன்.

"லேகியம் கிண்டுறது என் வேல. எழுதுறது உம்ம வேல."

இத்தனை நாளும் ஜவுளிக்கடை நோட்டீஸும் சினிமாக் கொட்டகை நோட்டீஸும் எழுதிக்கொண்டிருந்தவன் நான். சென்னை வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் எடுக்கும் வாடிக்கைக்காரர் இவர் ஒருவர்தான். என் வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன்.

15-2-1953, ஞாயிறு

அண்ணாச்சிக்கு வெறும் டப்பா படம் போதாதாம். குணமானவர் யாராவது எழுதிய கடிதம் வேண்டுமாம். அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. "நீரே ஒண்ணு எழுதுமே" என்றார்.

காலையில் உட்கார்ந்து எழுதினேன். சிவகிரி சுந்தரம்மாள், வயது இருபத்தாறு. இருமினால் துணியில் ரத்தம். மாமியார் தனித் தட்டு வைத்தது. கைக்குழந்தையைக் கிட்டே விடாதது. மூன்று டப்பா தீர்ந்த பிறகு ஒரு நாள் குழந்தை தானாகத் தவழ்ந்து வந்து மடியில் ஏறியது — அந்த இடம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடுப்படியிலிருந்த சுப்புலட்சுமியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், இப்ப நல்லா இருக்காளா?"

இருக்கிறாள் என்றேன். கட்டிய மனைவியிடம்.

16-2-1953

அண்ணாச்சி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே ஒரு திருத்தம்: மூன்று டப்பா வேண்டாம், ஆறு.

9-4-1953, வியாழன்

விளம்பரம் வெளியாகி மூன்று வாரம். லேகியக் கடையில் தபால் குவிகிறது. "சுந்தரம்மா நம்ம ரெண்டு பேரையும் தூக்கி விட்டுட்டா வே" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே மறைப்பானேன்?

27-4-1953, திங்கள்

ராயகிரியிலிருந்து துரைப்பாண்டி என்று காட்டு வேலை செய்யும் ஒரு சம்சாரி வந்தார். சிவகிரியில் தெருத் தெருவாகச் சுந்தரம்மாளைத் தேடிவிட்டு லேகியக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே என்னிடம் அனுப்பிவிட்டார்கள். மனைவி பூமாரிக்குச் சயம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். விளம்பரத்தை வாசித்ததிலிருந்து ஊசி வேண்டாம் என்கிறாளாம்.

"எனக்கு எழுத்து தெரியாது அண்ணாச்சி. அவ அஞ்சாப்பு படிச்சவ. அந்தப் பிள்ள மடியில ஏறுன இடத்த வாசிச்சு வாசிச்சு அழுதா. எங்களுக்கும் ஒரு பொட்டப்பிள்ள, ஒரு வயசு ஆவுது. அந்தத் தாயி நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டான்னா, பூமாரிய ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேன்."

அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சங்கரசுப்பு அண்ணாச்சியின் முகம், அடுத்த அரைப்பக்கம் —

"அவங்க கொழும்புக்குப் போயிட்டாங்க" என்றேன்.

"சொகமா இருக்காங்களா?"

"சொகமா இருக்காங்க."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை!

28-4-1953

ஊசியை நிறுத்தவிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்டு போட்டால் என்ன? எந்த டாக்டர் பெயருக்குப் போடுவது, எந்த வார்டு? ஒன்றையும் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேனா?

18-5-1953, திங்கள்

அண்ணாச்சி குடையை மடக்கக்கூட நிற்காமல் உள்ளே வந்தார். துரைப்பாண்டி மறுபடி லேகியம் வாங்க வந்தாராம். பூமாரி வீட்டுக்கு வந்துவிட்டாளாம். பத்து நாளாக நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

"நெசமாவே ஒரு ஆளு கெடச்சாச்சு வே! ராயகிரி பூமாரின்னு பேரு, ஊரு எல்லாம் போடும். இன்னைக்கே வேணும்."

எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன். அவள் பிழைத்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது, இல்லையா? சாயங்காலத் தபாலில் சென்னைக்குப் போயிற்று.

7-6-1953, ஞாயிறு

பூமாரி செத்துப்போனாள். வெள்ளிக்கிழமை. வாய் வாயாக ரத்தம் எடுத்தாளாம். ராயகிரி பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார்.

அய்யோ, அந்த விளம்பரம்!

8-6-1953

தபால் ஆபீஸ் திறந்ததும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கு வே நிறுத்தணும்? ராயகிரியில எத்தன பேரு பத்திரிக வாசிக்கான்?"

கத்திவிட்டேன். "அந்தப் பொம்பள செத்துட்டா வே! தெரியுதா உமக்கு?"

அண்ணாச்சி தணிந்த குரலில், "நானா கொன்னேன்? இல்ல, நீரா கொன்னீரு?" என்றார்.

10-6-1953

பத்திரிகையிலிருந்து பதில். அச்சாகிவிட்டது.

28-6-1953, ஞாயிறு

துரைப்பாண்டி வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் பத்திரிகை. டீக்கடையில் யாரோ காட்டினார்களாம்.

"அவ பேரு இருக்குன்னாங்க. வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன். 'இப்போது என் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறேன்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"வாசிங்க."

கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

"அவ இப்படிப் பேசமாட்டாளே. யாரு எழுதுனது?"

நான் என்றேன். சுந்தரம்மாளையும் நான்தான் எழுதினேன், கொழும்பில் யாரும் இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவ பேரு எது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"அத மட்டும் வெட்டித் தாங்க."

கத்தரியை எடுத்து அந்த மூன்றெழுத்தை வெட்டிக் கொடுத்தேன். வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மிச்சத்தை அவர் தொடவில்லை.